முகவரியும் தாய்மையும்: சிங்கப்பூர்க் குடியிருப்புப் பேட்டைகளில் தாய்மார் குறித்த வார்ப்புப் படிமங்கள்

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பெண் பார்க்கச் செல்வோர் தாயைக் கண்டு மகளை மதிப்பிடுவதற்கு இதனை எடுத்தாள்வர். ஊர்த் திண்ணையில் வழங்கிய இந்த மதிப்பீட்டு முறை, நவீன நகரம் ஒன்றின் அரசுக் கொள்கையாகவே உருவெடுத்ததைச் சிங்கப்பூரின் அண்மைக்கால வரலாற்றில் நாம் காண்கிறோம். தாய் எத்தகையவள் என்பதை அவளது கல்விச் சான்றிதழும், அவள் வாழும் பேட்டையும், வீட்டிலுள்ள அறைகளின் எண்ணிக்கையும் சொல்லிவிடும் என அங்குப் பலரும் நம்பினர். நம்பிக்கை என்ற அளவில் நின்றிருந்தால் அது வெறும் ஊர்ப்பேச்சாக முடிந்திருக்கும். பள்ளியில் இடம், வீடு வாங்கப் பணம், எத்தனை பிள்ளைகள் பெறுவது என்னும் முடிவு ஆகிய மூன்றும் அந்நம்பிக்கையோடு பிணைக்கப்பட்டன. ஆதலால் அது வரலாற்று ஆய்வுக்கு உரிய பொருளாகிறது.

ஓர் அச்சில் வார்த்தெடுத்த பொம்மைகளைப் போல, ஒரு வட்டாரத்துப் பெண்கள் அனைவரையும் ஒரே வடிவினராகக் கொள்ளும் மனப்போக்கையே இக்கட்டுரையில் வார்ப்புப் படிமம் என்கிறோம். புகழ்ச்சியாகத் தோன்றும் படிமமும் இதில் அடங்கும்.

பேட்டைகளுக்கு முந்திய பெயர்கள்

குடியேற்ற ஆட்சிக் காலத்தில், 1927இல், சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அது கட்டிய முதல் பெரும் குடியிருப்பு தியோங் பாரு. முதற் கட்டடங்களில் 1936இல் மக்கள் குடியேறினர். போருக்கு முன்னர் அப்பேட்டைக்குச் சீனர்களிடையே 'அழகியர் கூடு' என்று பொருள்படும் பட்டப்பெயர் ஒன்று வழங்கியது. செல்வந்தர் சிலர் தம் காதற்கிழத்தியரை அங்குக் குடிவைத்தமையே அதற்குக் காரணம் என்பர். குடும்பத்தோடு வாழ்ந்த பெண்களும் அங்கு இருந்தனர். ஆயினும் பட்டப்பெயர் அனைவர் மீதும் ஒட்டிக்கொண்டது. ஒரு முகவரி ஒரு பெண்ணின் ஒழுக்கத்திற்குச் சான்றாகக் கொள்ளப்பட்ட தொடக்ககால எடுத்துக்காட்டு இது.

நகரின் நடுப்பகுதியில் நிலை வேறு. 1953, 1954ஆம் ஆண்டுகளில் கோ கெங் சுவீ நடத்திய சமூக அளவாய்வு, நகர மக்களின் வருமானத்தையும் வீட்டு நெருக்கடியையும் எண்களில் காட்டியது; 1956இல் அது நூலாக வந்தது. 1960இல் பேரிங்டன் கே என்பார் அப்பர் நான்கிங் தெரு ஒன்றையே எடுத்துக்கொண்டு, கடைவீட்டு மாடிகளில் பலகையால் தடுத்த சிற்றறைகளில் முழுக் குடும்பங்களும் வாழ்ந்த வாழ்க்கையைப் பதிவுசெய்தார். கோ கெங் சுவீயின் பெயரை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்; முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அவரை மீண்டும் சந்திப்போம்.

1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் எழுந்த பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியிருந்தது. தீக்குப்பின் அடுக்குமாடி வீடுகள் விரைந்து எழுந்தன. கம்பத்து மக்கள் சோம்பலும் ஒழுங்கின்மையும் உடையவர் என்ற கருத்து அக்கால அலுவலர் எழுத்துகளில் பரவலாக இருந்ததை லோ கா செங் தமது 2013ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டி மறுக்கிறார். கம்பத்துத் தாய் பிள்ளைகளை வெளியில் விட்டுவிட்டவள் என்பதும் இத்தகைய கருத்தின் ஒரு கிளையே. உண்மையில், கம்பத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பல கண்கள் இருந்தன. மாடிவீட்டுக்குச் சென்றபின் கதவு மூடிக்கொண்டது. பொறுப்பு ஒருத்தியின் தலையில் விழுந்தது. தோ பாயோவில் இரகசியக் கும்பல்கள் நடமாடியதால் அதற்குச் 'சிகாகோ' என்னும் பெயர் வந்தபோது, அங்குள்ள தாய்மார் பிள்ளைகளை வளர்க்கத் தெரியாதவர் என்ற பேச்சும் உடன் எழுவதற்கு வழி பிறந்தது.

குடையின் கீழ் இரு பெண் பிள்ளைகள்

1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு மக்கள்தொகைக் கழகம் அமைந்தது. 1972இல் 'இரண்டோடு நிறுத்துக' என்ற முழக்கம் எங்கும் ஒலித்தது. ஒரே குடையின் கீழ் நின்று ஓர் ஆப்பிளைப் பகிர்ந்துகொள்ளும் இரு சிறுமியரின் படம், ஆணோ பெண்ணோ இரண்டு போதும் என்ற செய்தியைத் தாங்கி வந்தது. ஆண் பிள்ளைக்காகக் காத்திருந்த குடும்பங்களை நோக்கிய செய்தி அது. நம்மவரையும் அது நோக்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

சுவரொட்டியோடு விதிகளும் வந்தன. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூட அரசு மருத்துவமனையில் பேறுகாலக் கட்டணம் உயர்ந்தது. ஊதியத்தோடு கூடிய மகப்பேற்று விடுப்பு முதலிரு பேறுகளோடு நின்றது. வீட்டு ஒதுக்கீட்டில் பெரிய குடும்பங்கள் பெற்றுவந்த முன்னுரிமை நீங்கியது. பள்ளிச் சேர்க்கையில் நான்காம் பிள்ளை பின்தள்ளப்பட்டது. கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைக்கு முன்னுரிமை கிடைத்தது. இவ்விதிகள் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானவை என்பதையும் கூற வேண்டும். 1975இல் பிறப்பு விகிதம் பதிலீட்டு அளவுக்கு இறங்கியது. அதாவது, 'அளவின்றிப் பெறுபவள்' எனப் பேசப்பட்ட பேட்டைத் தாய், அரசு கேட்டதைப் பத்தாண்டுக்குள் செய்து முடித்திருந்தாள்.

பட்டதாரித் தாயும் பட்டமில்லாத் தாயும்

1983 ஆகஸ்ட் 14ஆம் நாள் பிரதமர் லீ குவான் யூ ஆற்றிய தேசிய தினப் பேரணி உரை இவ்வரலாற்றின் திருப்புமுனை. 1980ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்டு, கல்லாத பெண்கள் மிகுதியான பிள்ளைகளையும் பட்டதாரிப் பெண்கள் குறைவான பிள்ளைகளையும் பெறுகின்றனர் என்று அவர் கவலை தெரிவித்தார். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இரட்டையரைக் கொண்டு நடந்த ஆய்வைச் சுட்டி, அறிவாற்றலில் எண்பது விழுக்காடு பிறப்பால் வருவது, இருபது விழுக்காடே வளர்ப்பால் வருவது என்றார். நூலும் சேலையும் புள்ளிவிவர உடை அணிந்து மேடையேறின எனலாம்.

அடுத்த ஆண்டு இக்கருத்து விதியாயிற்று. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெறும் பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலை ஒன்றில் முன்னுரிமை வழங்கும் திட்டம் 1984இல் அறிவிக்கப்பட்டது. அப்போது கல்வி அமைச்சர் கோ கெங் சுவீ. 1950களில் கடைவீட்டுச் சிற்றறைகளின் நெருக்கடியை அளந்து, வறுமையைக் கூலியோடும் வீட்டோடும் சேர்த்து எண்ணிய அதே அறிஞரின் அமைச்சிலிருந்து, தாயின் பட்டத்தை அளவுகோலாகக் கொண்ட திட்டம் வெளிவந்தது. இந்த முரணைக் கடந்துபோக நம்மால் இயலவில்லை.

அதே ஆண்டு நடுவில் மற்றொரு திட்டமும் வந்தது. சாதாரண நிலைத் தேர்வில் தேறாத, குறைந்த வருமானமுடைய, முப்பது வயதுக்குட்பட்ட பெண், ஓரிரு பிள்ளைகளோடு நிறுத்திக் கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி மானியம் என்பதே அது. அப்பணம் கையில் தரப்படவில்லை. மத்திய சேம நிதிக் கணக்கில் இடப்பட்டது. வீடு வாங்க அது துணைபுரியும் என்பது கருத்து. ஒருத்திக்கு மூன்றாம் பிள்ளையால் நல்ல பள்ளி. மற்றொருத்திக்கு மூன்றாம் பிள்ளை இன்மையால் சொந்த வீடு. ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் இரு பெண்களை அரசு எவ்வாறு இருவேறு தாய்மாராகப் பிரித்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

இவ்வாதத்தின் பிழை எளிய கணக்கிலேயே புலப்படும். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் 1949இல்தான் தொடங்கியது. 1983இல் முப்பது வயதினராக இருந்த பட்டதாரிகளுள் பட்டம் பெற்ற தாய்க்குப் பிறந்தவர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? மிகச் சிலரே. எந்தப் பட்டதாரிப் பெண்களைக் குறித்து அரசு கவலைப்பட்டதோ, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பட்டமில்லாத தாய்மாரின் பெண்கள். பிரதமரின் அன்னையாரே 1974இல் சமையல் நூல் ஒன்றை வெளியிட்டுப் புகழ்பெற்றவர், பட்டதாரி அல்லர். பிறப்பின் ஆற்றல் எண்பது விழுக்காடு என்பது மெய்யாயின், அத்தலைமுறையின் எழுச்சிக்கு அந்தத் தாய்மாருக்கன்றோ நன்றி கூறியிருக்க வேண்டும்?

எதிர்ப்பு, சலுகை பெறவிருந்த பட்டதாரிப் பெண்களிடமிருந்தும் எழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1984 டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் வாக்கு 77.7 விழுக்காட்டிலிருந்து 64.8 விழுக்காடாகச் சரிந்தது. இத்திட்டம் அதற்கு ஒரு காரணம் என ஆய்வாளர் பலர் கருதுவர். பொத்தோங் பாசிர் தொகுதியில் இரு வேட்பாளர்களின் சாதாரண நிலைத் தேர்வு முடிவுகளைப் பிரதமர் ஒப்பிட்டுப் பேசினார். குறைந்த மதிப்பெண் பெற்றவராகச் சுட்டப்பட்ட சியாம் சீ தோங்கை அப்பேட்டை மக்கள் தேர்ந்தெடுத்தனர். சான்றிதழால் மனிதரை அளக்கும் முறைக்கு அவர்கள் கூறிய மறுமொழியாக நாம் இதனைக் கொள்கிறோம். 1985இல் பட்டதாரித் தாய்மார் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டே பெண்கள் அமைப்பான 'அவேர்' நிறுவப்பட்டது.

நம் வீட்டுக்குள்

அரசின் மீது மட்டும் பழி சுமத்துவது நேர்மையாகாது. செம்பவாங் கடற்படைத்தளத்துக் குடியிருப்புகளில் தமிழரும் மலையாளிகளும் அண்டை அயலாராக வாழ்ந்தனர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபின் அவ்வாழ்க்கை கலைந்தது. பின்னர்ப் பல குடும்பங்கள் ஈசூன் போன்ற புதிய நகரங்களுக்குப் பெயர்ந்தன. இந்திய மாணவர் கல்வியில் பின்தங்குவது பற்றிய கவலையால் 1991இல் சிண்டா தோன்றியது. துணைப்பாட வகுப்புகள் பேட்டைதோறும் நடைபெற்றன. அது நற்பணி. ஆனால் அக்காலந்தொட்டு நம்மவர் மேடைகளில், 'தாய்மார் தொலைக்காட்சி முன் அமர்ந்துவிடுகின்றனர்' என்ற குற்றச்சாட்டை நாம் கேளாதிருந்ததில்லை. இரவு நேர வேலைக்குச் செல்லும் தாய் எந்தத் தொடரைப் பார்த்தாள் என்று கேட்டவர் அரிது. தந்தையின் மாலைப்பொழுது பற்றி ஒருவரும் பேசியதாகவும் நினைவில்லை.

ஒரு கிலோமீட்டர்

1999ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் தோங், மக்களை 'காஸ்மோபாலிட்டன்' என்றும் 'ஹார்ட்லேண்டர்' என்றும் இருவகையாகக் குறிப்பிட்டார். உலகம் சுற்றும் முன்னவருக்கும் பேட்டையில் வேரூன்றிய பின்னவருக்கும் இடையே இணக்கம் வேண்டும் என்பதே அவர் நோக்கம். எனினும் சொற்கள் ஒட்டிக்கொண்டன. 2002இல் ஜேக் நியோ இயக்கிய 'ஐ நாட் ஸ்டுப்பிட்' திரைப்படம், கடைநிலைப் பிரிவில் பயிலும் மூன்று சிறுவரைக் காட்டியது. மகனுக்காக எல்லாவற்றையும் தானே முடிவுசெய்யும் செல்வந்தத் தாயும், மதிப்பெண்ணுக்காகப் பிரம்பெடுக்கும் அடுக்குமாடித் தாயும் அதில் வருகின்றனர். மக்கள் சிரித்தனர், அடையாளமும் கண்டுகொண்டனர்.

பள்ளிச் சேர்க்கையில் இடங்களுக்கு மிகுந்த போட்டி ஏற்படும்போது, பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்வோருக்கு முன்னுரிமை உண்டு. புகழ்பெற்ற பள்ளிகள் பல புக்கிட் தீமா வட்டாரத்தில் உள்ளன. வீட்டு விலையும் அங்கு மிகுதி. பள்ளிக்காகவே வீடு மாறும் பெற்றோர் உளர். அறிவித்த முகவரியில் 30 மாதமேனும் வாழ வேண்டும் என விதி வகுக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. அத்தகைய தாயை 'கியாசு' என்று நகைப்பதும் வார்ப்புப் படிமமே. விதி தூரத்தை அளக்கும்போது அவள் தூரத்தைக் குறைக்கிறாள், அவ்வளவே. வாடகை வீட்டுத் தாயால் அது முடியாது. முடியாமையை விருப்பமின்மை எனப் படிப்பதே அவளுக்கு இழைக்கப்படும் தவறு. ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் வாழ்வோரை நேரில் கண்டு தியோ யூ யென் 2018இல் வெளியிட்ட நூலில், பிள்ளையின் படிப்பைப் பற்றி ஓயாது கவலைப்படும் தாய்மாரையே நாம் சந்திக்கிறோம்.

1987இல் அரசின் முழக்கம் மாறியது: மூன்று பெறுக, வசதியிருப்பின் அதற்கு மேலும் பெறுக. ஆப்பிளைப் பகிர்ந்த சிறுமியரின் வயதினர் அப்போது மணவயதை எட்டிக்கொண்டிருந்தனர். 'வசதியிருப்பின்' என்ற ஒரு சொல்லில் பழைய பிரிவினை தங்கிவிட்டது. 1993இல் சிறு குடும்ப மேம்பாட்டுத் திட்டமும், 2004இல் 'ஹோப்' எனப்படும் திட்டமும், குறைந்த வருமானக் குடும்பம் இரு பிள்ளைகளோடு நிறுத்தினால் வீட்டுக்கும் கல்விக்கும் உதவி என்றன. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 2001இல், குழந்தை போனஸ் திட்டம் இரண்டாம் மூன்றாம் பிள்ளைகளுக்குப் பணம் வழங்கத் தொடங்கியிருந்தது. 2023இல் நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 0.97ஆகக் குறைந்தது.