ஒரு பை, நூறு முறை: துணிப்பைப் பழக்கம் பற்றிச் சில தகவல்கள்

திருவண்ணாமலையின் ரமணாசிரமம் பகுதி, கிரிவலப் பாதையும் செங்கம் சாலையும் சேர்ந்து செல்லும் இடம். ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். கூட்டம் கலைந்த பிறகு மிஞ்சும் குப்பையில் மெல்லிய பிளாஸ்டிக் பைதான் பெரிய தொல்லை. காற்றில் மலையடிவாரம் வரை பறக்கிறது, சாக்கடையை அடைக்கிறது. உணவு வாசம் ஒட்டியிருப்பதால் மாடும் மானும் அதைத் தின்றுவிடுகின்றன. தீபத் திருவிழாவுக்குத் துணிப்பையுடன் வருவோருக்குக் குலுக்கல் முறையில் தங்க, வெள்ளி நாணயங்களை மாவட்ட நிர்வாகம் பரிசளித்ததும் உண்டு. அதே கடைவீதியில் பொருள் வாங்கும் நமக்கும் இதில் பங்கிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல், தடிமன் எதுவாயினும் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை கோயம்பேடு சந்தையில், 10 ரூபாய் செலுத்தினால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்தது.

எது துணிப்பை?

ஜவுளிக்கடைகளில் தரும் வண்ணப் பைகளில் பல, பார்வைக்குத் துணி போலிருந்தாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான். நெய்யப்படாததால் அதில் ஊடும் பாவுமாக இழைகள் இருக்காது. இவ்வகைப் பையும் தமிழகத் தடைப்பட்டியலில் உள்ளது.

எத்தனை முறை பயன்படுத்த வேண்டும்?

பருத்தி விளையத் தண்ணீரும் உரமும், துணி நெய்ய மின்சாரமும் செலவாகின்றன. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே முறையில் எறியும் பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பத்துக்கு அது குறைவாகக் காரணமாகும். வாரம் மூன்று முறை எடுத்துச் சென்றால் ஓராண்டுக்குள் அந்த எண்ணிக்கை நிறைவேறும். ஆனால் நிக்காஹ் வீடுகளில் தரும் பைகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, கடையில் மீண்டும் பை கேட்டால் அது இரட்டை விரயம். உளூச் செய்யும் நீரிலும் இஸ்ராஃப் கூடாது என்று படித்த நாம், இதை அற்பமாகக் கருத முடியாது.

நாம் செய்யக்கூடியவை

* பழைய கைலியிலும் புடவையிலும் பை தைக்கலாம். அதற்காகப் புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை.
* ஒரு பையை வாசற்கதவருகிலும், மற்றொன்றை வண்டியிலும் வைக்க வேண்டும். பை இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் மறதியே காரணம்.
* காய்கறிக்கும் மளிகைக்கும் தனித்தனிப் பை வைத்து, அவ்வப்போது துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.
* இறைச்சி, மீன் வாங்க மூடியுள்ள பாத்திரமே ஏற்றது.

இந்தக் கடைசிப் பழக்கம் நமக்குப் புதிதன்று. ரமலானில் நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குவாளியுடன்தான் பள்ளிவாசலுக்குச் செல்கின்றனர். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சியை மட்டும் பிளாஸ்டிக் பைகளில் பங்கிடுகிறோம். இரத்தம் தோய்ந்த அந்தப் பைகளை மறுசுழற்சிக்கு எடுப்பாரில்லை. அவை தெருமுனையில் நாய்கள் கிழிக்கக் கிடக்கின்றன. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை எனும்போது, பெருநாளன்று நாமே தொல்லையை இட்டுச் செல்லலாமா?

பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில், "பங்கு வாங்க வருவோர் பாத்திரம் கொண்டு வாருங்கள்" என்று ஜமாஅத் அறிவித்தால் போதும். வீடு தேடிக் கொடுப்பவர்கள், பெறுபவரின் பாத்திரத்திலேயே வைத்துக் கொடுக்கலாம்.