சௌவின் இரவின் அச்சமும் செலுத்த வேண்டிய பங்கும்: அயர்லாந்து வழக்காறுகளில் இயல்கடந்த உருவங்கள்

ஆய்வுச்சுருக்கம்

அக்டோபர் 31ஆம் நாள் இரவில் உலாவுவதாக அயர்லாந்து மக்கள் நம்பிய அச்சுறுத்தும் உருவங்கள் இன்று ஹாலோவீன் வேடங்களாகச் சுருங்கிவிட்டன. நடுக்கால ஐரிஷ் கதைகளையும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பதிவான வாய்மொழி வழக்காறுகளையும் ஒப்பிட்டு, அவ்வுருவங்கள் மனிதரிடம் எதைக் கேட்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விளைச்சலிலிருந்து செலுத்த வேண்டிய பங்கு, வீட்டில் செய்யாமல் விட்ட கடமை ஆகிய இரண்டையும் சுற்றியே அவ்வச்சம் பெரிதும் அமைந்துள்ளது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அயர்லாந்து, சௌவின், ஹாலோவீன், நாட்டார் வழக்காறு, ஃபொமோரியர், பூக்கா

முன்னுரை

ஐரிஷ் மரபில் ஆண்டு நான்கு பருவத் திருநாள்களால் பகுக்கப்பட்டது. அவற்றுள் நவம்பர் 1ஆம் நாளில் அமைந்த சௌவின், கோடை முடிந்து குளிர்காலம் தொடங்குவதைக் குறித்தது. முந்தைய நாளின் பொழுது சாய்ந்ததுமே திருநாள் தொடங்கிவிடும். மலை மேய்ச்சலுக்குச் சென்ற கால்நடைகள் ஊர் திரும்பியிருக்கும். கதிர் அறுவடை முடிந்திருக்கும். குளிர்காலத்தைத் தாண்ட இருப்பு போதுமா எனக் கணக்கிடும் காலம் அது.

இத்திருநாளைப் பற்றிய பொதுக் கருத்துகள் பலவற்றை அப்படியே ஏற்க இயலாது. ‘சௌவின்’ என்பது மரணத்தின் கடவுள் என்ற கருத்து, 18ஆம் நூற்றாண்டில் சார்லஸ் வாலன்சி முதலியோர் பரப்பிய பிழை. அயர்லாந்தின் பழஞ்சமயத் திருநாளை அகற்றவே திருச்சபை நவம்பர் 1இல் அனைத்துப் புனிதர் விழாவை வைத்தது என்பதும் ஐயத்திற்குரியது. ஏறத்தாழ 800ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட ஓயங்குசின் புனிதர் நாட்காட்டி, அத்தகைய விழாவை ஏப்ரல் 20ஆம் நாளில் குறிக்கிறது என்பதை ரொனால்ட் ஹட்டன் சுட்டிக்காட்டியுள்ளார். எனவே, பிற்காலக் கருத்துகளை விடுத்து, கதைகளும் வழக்காறுகளும் கூறுவனவற்றிலிருந்தே தொடங்குவது முறையாகும்.

அரசிருக்கையைத் தாக்கும் உருவங்கள்

நடுக்காலக் கதைகளில் சௌவின் இரவின் தாக்குதல் பெரும்பாலும் அரசிருக்கையை நோக்கியது. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் உருவான ‘மூத்தோரின் உரையாடல்’ என்னும் நூலில், ஆல்யேன் என்பவன் ஆண்டுதோறும் சௌவின் நாளில் தாராவுக்கு வருகிறான். தன் இசையால் காவலரை உறங்கவைத்து, வாய்த்தீயால் அரண்மனையை எரிக்கிறான். வேலின் முனையை நெற்றியில் அழுத்தி உறக்கத்தை வென்ற ஃபின் அவனைக் கொல்கிறான்.

ராஸ்காமன் மாவட்டத்திலுள்ள குருவாகன், கொனாக்ட் அரசின் தலைமையிடமாகக் கதைகளில் போற்றப்படுவது. அங்குள்ள ‘பூனைகளின் குகை’யை ஒரு நடுக்காலக் கதை ‘அயர்லாந்தின் நரக வாயில்’ எனச் சுட்டுகிறது. மூன்று தலை கொண்ட எல்லேன் அக்குகையிலிருந்து வெளிப்பட்டு நாட்டைப் பாழாக்கியதாக அக்கதை கூறும். ‘நரகம்’ என்னும் சொல்லே எழுதியவரின் நிலையைக் காட்டுகிறது. இக்கதைகளை ஏட்டில் வடித்தவர்கள் கிறித்தவக் கல்வி பெற்றவர்கள். முன்னோரின் மாய உலகைத் தம் சமயச் சொல்லால் அவர்கள் பெயரிட்டனர்.

பங்கு கேட்கும் உருவங்கள்

அயர்லாந்தில் அடுத்தடுத்துக் குடியேறியோரின் வரலாறாக அமைந்த ‘குடியேற்ற நூல்’, கடலோடு தொடர்புடைய கொடிய இனத்தாரான ஃபொமோரியரைப் பற்றிக் கூறுகிறது. தம்மிடம் தோற்ற நெமெட் மக்கள் ஒவ்வொரு சௌவின் நாளிலும் பிள்ளைகள், தானியம், பால் ஆகியவற்றில் மூன்றில் இரு பங்கைச் செலுத்த வேண்டும் என அவர்கள் விதித்தனர். இடப்பெயர் வரலாற்றுப் பாடல்களில் வரும் குரோம் குருவாக் என்னும் சிலைக்கும், பாலும் தானியமும் வேண்டித் தலைப்பிள்ளைகள் பலியிடப்பட்டதாகச் செய்தி உண்டு. இதை உண்மையில் நிகழ்ந்த நரபலிக்குச் சான்றாகக் கொள்ள இயலாது; பழஞ்சமயத்தை இழித்துரைக்கும் நோக்கம் அதில் வெளிப்படை. ஆயினும் இரு பனுவல்களிலும் பிள்ளை, பால், தானியம் என்ற மூன்றும் சேர்ந்தே வருவது கருதத்தக்கது. குளிர்காலத்தில் ஒரு குடும்பம் இழக்க அஞ்சுபவை இவையே.

19ஆம் நூற்றாண்டில் இந்தக் கேட்பு வேடமாக மாறிய நிலையைக் காண்கிறோம். கார்க் மாவட்டக் கடலோரத்தில், வெள்ளைத் துணி போர்த்துக் குதிரை உருக்கொண்ட ‘வெள்ளைப் பெண்குதிரை’யின் தலைமையில் இளைஞர் கொம்பூதி வீடுவீடாகச் சென்றனர். ‘மக் ஓலா’ என்னும் மறைபொருளான ஆற்றலின் பெயரால் உழவரிடம் பொருள் கேட்டனர். அக்காலத்தில் மே 1, நவம்பர் 1 ஆகியன பல பண்ணைகளில் நிலக்குத்தகைத் தவணை நாள்களாகவும் இருந்தன. குத்தகையே இவ்வழக்கத்தின் தோற்றுவாய் என்று கூற இயலாது. எனினும், நிலவுடைமையாளருக்குப் பங்கு செலுத்த வேண்டிய தவணைப் பொழுதிலேயே மாய உருவமும் வாசலில் நின்று பங்கு கேட்டது என்பது வெறும் விளையாட்டாகத் தோன்றவில்லை.

கடமையைக் கண்காணிக்கும் உருவங்கள்

குருவாகனைக் களமாகக் கொண்ட ‘நேராவின் பயணம்’ என்னும் கதை, சௌவின் இரவில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் பிணம் தாகத்திற்கு நீர் கேட்பதைச் சொல்கிறது. நேரா அதை முதுகில் சுமந்து செல்கிறான். நெருப்பை முறைப்படி மூடிவைத்த வீட்டிலும், கழுவுநீரைத் தேங்கவிடாத வீட்டிலும் பிணத்தால் நுழைய முடியவில்லை. அழுக்கு நீர் கிடந்த மூன்றாம் வீட்டில் அது நீர் குடித்து, இறுதி மிடறை வீட்டார் மேல் உமிழ, அவர்கள் இறக்கின்றனர்.

இவ்வகை அச்சம் பிற்கால வழக்காறுகளிலும் தொடர்கிறது. கெவின் டானஹரின் ‘அயர்லாந்தில் ஓர் ஆண்டு’ (1972) என்னும் நூல் இத்தகைய பல வழக்கங்களைத் தொகுத்துள்ளது. அன்றிரவு வெளியே நீரை ஊற்றுவோர், கண்ணுக்குத் தெரியாதோர் விலகுவதற்காக எச்சரிக்கைக் குரல் கொடுத்தனர். குச்சியும் வைக்கோலும் கொண்டு செய்த சிலுவையை வாயிலின் மேல் வைத்தனர். சௌவினுக்குப் பின் பூக்கா என்னும் உருமாறும் ஆவி காட்டுப்பழங்களைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றைப் பறிக்கக் கூடாது என்றனர். அழுகத் தொடங்கும் பழத்தைப் பிள்ளைகள் உண்ணாமல் தடுக்க இந்த அச்சம் உதவியது.

இன்றைய பட்டியல்களில் பான்ஷீ என்னும் புலம்பும் பெண்ணும் ஹாலோவீன் உருவமாக இடம்பெறுகிறாள். மரபிலோ அவள் நாளுக்கு உரியவள் அல்லள், குடும்பத்துக்கு உரியவள். குறிப்பிட்ட குலத்தாரின் சாவை முன்னறிவிப்பவளே அன்றிச் சாவைத் தருபவள் அல்லள். அவளை இவ்விரவில் சேர்ப்பது இரு வேறு அச்சங்களின் பொருளையும் மறைத்துவிடுகிறது.

முடிவுரை

சௌவின் இரவின் உருவங்கள் ஒரே மூலத்திலிருந்து மாறாமல் வந்தவை அல்ல. ஏடெழுதிய துறவியர் அரசையும் நரகத்தையும் முன்னிறுத்தினர். பிற்காலத் தொகுப்பாளர்கள் வீட்டையும் வயலையும் முன்னிறுத்தினர். 1937–39இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவரைக் கொண்டு திரட்டிய தொகுப்பில், முதியோரிடம் பிள்ளைகள் கேட்டெழுதிய குரல் ஒலிக்கிறது. பதிவுசெய்வோர் மாறுந்தோறும் அச்சத்தின் முகமும் மாறியுள்ளது. ஆயினும் ‘செலுத்த வேண்டியதைச் செலுத்தினாயா, செய்ய வேண்டியதைச் செய்தாயா’ என்ற கேள்வி இரு காலத்திலும் தொடர்கிறது. உருவத்தை மட்டும் பட்டியலிட்டு, அது கேட்ட கேள்வியை விட்டுவிடும் ஆய்வில், குளிர்காலத்தை அஞ்சி வாழ்ந்த மக்களின் வரலாறு விடுபட்டுப்போகும்.