கடைசி இடத்தின் சரித்திரம்

வென்றவர்களின் சரித்திரத்தை எழுத உலகில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பரணி பாடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். காற்பந்தாட்ட உலகிலும் நிலைமை இதுவே. நம் நாட்டு வாலிபர்கள் மாலை வேளைகளில் அணிந்து திரியும் சட்டைகளைக் கண்டாலே இது விளங்கும். இங்கிலாந்திலே எந்தச் சங்கம் கோப்பைகளைக் குவிக்கின்றதோ அதன் நிறமே இங்கும் தெருவில் நடமாடுகின்றது. அச்சங்கம் தோற்கத் தொடங்கினால் சட்டையும் மாறிவிடுகின்றது. இதைக் குற்றமென்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் பட்டியலின் அடியிலே, அடுத்த வருஷம் இருப்போமா என்ற அச்சத்தோடு நிற்கும் சங்கத்தையும் விட்டு நகராமல், மழையிலும் பனியிலும் காசு கொடுத்துப் பார்க்க வருகிறார்களே, அவர்கள் எதைக் காப்பாற்ற வருகிறார்கள்? இதற்கு விடை காண வேண்டுமாயின் கடைசி இடத்தின் சரித்திரத்தை அறிதல் அவசியமாகும்.

இங்கிலாந்தில் காற்பந்து லீக் 1888-ம் ஆண்டில் தோன்றிற்று. ஆஸ்டன் வில்லா சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கிரகர் என்பார் அதற்கு மூலபுருஷர். ஆதியில் அங்கம் வகித்தவை 12 சங்கங்களே. 1892-ல் இரண்டாவது டிவிஷன் ஏற்பட்டது. சில வருஷங்கள் மேல் டிவிஷனில் அடியில் நின்றோரும் கீழ் டிவிஷனில் முடியில் நின்றோரும் பரீட்சை ஆட்டம் ஆடி இடத்தைத் தீர்மானித்தனர். 1898-ல் அம்முறை ஒழிந்தது. அது முதல், ஆட்டத்தில் தாழ்ந்தவன் தானே இறங்குவான், உயர்ந்தவன் தானே ஏறுவான் என்ற விதி அமலுக்கு வந்தது. 1920-ல் மூன்றாவது டிவிஷனும் 1958-ல் நான்காவது டிவிஷனும் சேர்ந்தன. ஏணி இவ்வாறு நீண்டது.

நிற்க. ஏணியின் கடைசிப் படிக்குக் கீழே என்ன இருந்தது? அங்கே படியில்லை, பூட்டிய கதவுதான் இருந்தது. நான்காவது டிவிஷனில் கடைசியாக நின்ற சங்கங்கள் லீகில் தொடர்ந்திருக்க மறுபடியும் விண்ணப்பம் செய்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வர விரும்பும் சங்கங்களும் விண்ணப்பிக்கலாம். பிறகு வோட்டு. வோட்டளிப்பவர் யாவர்? ஏற்கெனவே உள்ளே இருக்கும் சங்கத்தார்! பழகிய முகத்துக்கே வோட்டு விழுவது மனித சுபாவமல்லவா? ஹார்ட்டில்பூல் சங்கம் 14 முறை இவ்வாறு விண்ணப்பித்தது. 14 முறையும் உள்ளேயே இருத்தப்பட்டது. 1980-ல் லீகுக்கு வெளியே முதலிடம் பெற்ற ஆல்ட்ரிங்கம் சங்கம், நான்காவது டிவிஷனில் கடைசியாக நின்ற ராச்டேலிடம் ஒரே ஒரு வோட்டில் தோற்றது. 26-க்கு 25. ஆடி வென்றவன் வாசலில் நின்றான். ஆடித் தோற்றவன் பந்தியில் அமர்ந்தான்.

சில சங்கங்களுக்கு இம்முறை இரங்கவுமில்லை. 1960-ல் கேட்ஸ்ஹெட் சங்கம் கடைசி இடத்தில் இல்லாதிருந்தும் வெளியே தள்ளப்பட்டது. 1972-ல் பாரோவும் 1977-ல் ஒர்க்கிங்டனும் அதே கதியை அடைந்தன. மைதானத்தில் தோற்றுப் போனவனுக்குக் காரணம் தெரியும். மண்டபத்தில் எண்ணிய வோட்டில் தோற்றவனுக்கு யாரிடம் போய்க் காரணம் கேட்பது? தகுதியை மற்றவர் தயவினால் அளக்கும் எந்த ஏற்பாடும், அது கோயில் வாசலிலாயினும் ஆட்ட மைதானத்திலாயினும், ஒரே நோயின் இரு ரூபங்களே என்பது நமது அபிப்பிராயம்.

இக்கதவு 1987-ல் உடைந்தது. லீகின் கடைசிச் சங்கம் தானே வெளியேறும். வெளியே முதலிடம் பெற்ற சங்கம், அதன் மைதானம் முதலியன விதிகளுக்குப் பொருந்தியிருப்பின், தானே உள்ளே வரும் என்று ஏற்பட்டது. அவ்வாறு முதன் முதலாக ஏறி வந்தது, யார்க்ஷயர் கடற்கரைப் பட்டினமாகிய ஸ்கார்பரோவின் சங்கம். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதன் முதலாக இறங்கியது யார்? 1987-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி, கடைசி ஆட்ட நாளில், மூன்று சங்கங்கள் அபாயத்தில் இருந்தன. ஆதியில் லீகை அமைத்த 12-ல் ஒன்றும், 1921-லும் 1960-லும் தேசத்தின் முதலிடம் பெற்றதுமான பர்ன்லி அன்று காலை கடைசியாக நின்றது. அது ஓரியன்ட் சங்கத்தை 2-1 என்று வென்று தப்பியது. டார்க்கீ சங்கத்தின் கதை வேடிக்கையானது. அது க்ரூ சங்கத்திடம் 2-1 என்று பின்தங்கியிருந்தபோது, மைதான ஓரத்தில் நின்ற போலீஸ் நாயொன்று டார்க்கீ ஆட்டக்காரர் ஒருவரைத் தொடையில் கடித்துவிட்டது. அவருக்குச் சிகிச்சை செய்த நேரத்தை மத்தியஸ்தர் ஆட்டத்தின் இறுதியில் கூட்டிக் கொடுத்தார். கூட்டிய அந்த நேரத்தில் டார்க்கீ ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. ஆகவே அன்று காலை இவ்விரண்டுக்கும் மேலே நின்ற லிங்கன் சங்கம் மாலையில் எல்லோருக்கும் கீழே கிடந்தது. ஆனால் இதையும் கவனிக்க வேண்டும்: லிங்கன் அடுத்த ஆண்டே, 1988-ல், வெளியே முதலிடம் பெற்றுத் திரும்பி வந்தது. பழைய வோட்டு முறையில் வெளியேறியவர்களுக்கு வழியில்லை. புதிய முறையில் விழுந்தவனுக்கும் படி இருந்தது.

நியாயம் நல்லதுதான். எனினும் அந்த நியாயம் இறங்கும் இடத்தில் நிற்கும் மனிதர்களின் முகத்தை நாம் பார்க்கவேண்டாமா? அதற்கு 1999-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதிக்கு வருவோம்.

ஸ்காத்லாந்து எல்லைக்கருகில் உள்ள கார்லைல், ரயில் பாதைகள் பல கூடும் ஊர். அதன் சங்கம் 1928-ல் டர்ஹாம் சிட்டிக்குப் பதிலாக லீகில் சேர்க்கப்பட்டது. 1974-ல் முதல் டிவிஷனுக்கே ஏறி, முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று, தேசப் பட்டியலின் தலையில் சில நாள் இருந்தது. அவ்வாண்டு முடிவில் அதே டிவிஷனில் கடைசியாயிற்று. பின்னர் இறக்கமும் ஏற்றமுமாகக் காலம் கழிந்து, 1999-ல் லீகின் கடைசிப் படியிலும் கடைசி இடத்தில் வந்து நின்றது. பருவத்தின் நடுவிலே சங்கத்தின் கோல் காவலர் விற்கப்பட்டிருந்தார். முடிவில் காவலுக்கு ஆளின்றி, விசேஷ அனுமதி பெற்று, ஸ்விண்டன் சங்கத்திலிருந்து ஜிம்மி கிளாஸ் என்பவரைக் கடனாகக் கொண்டுவந்தனர்.

கணக்கு எளியது. கடைசி நாள் காலையில் ஸ்கார்பரோவுக்கு 47 புள்ளிகள், கார்லைலுக்கு 46. ஆம், 12 வருஷங்களுக்கு முன் கதவை உடைத்து உள்ளே வந்த அதே ஸ்கார்பரோதான். ஸ்கார்பரோ தன் ஊரில் பீட்டர்பரோவோடு 1-1 என்று சமனாக ஆடி 48-ஐ எட்டியது. கார்லைல் தன் ஊரில் பிளிமத் சங்கத்தோடு 1-1 என்று நின்றது. தொண்ணூறு நிமிஷங்கள் கடந்துவிட்டன. மத்தியஸ்தர் இன்னும் நான்கு நிமிஷம் என்று குறித்தார். அந்நேரமும் தீரும் தறுவாயில் கார்லைலுக்கு மூலை உதை கிடைத்தது. கோல் காவலர் கிளாஸ் தம் இடத்தை விட்டு மைதானம் முழுவதும் ஓடி வந்தார். தலையால் அடித்த பந்தை எதிர்க் காவலர் தட்டிவிட்டார். அது கிளாஸின் காலடியில் வந்து விழுந்தது. அவர் உதைத்தார். கோல்!

ஜனங்கள் வெள்ளம்போல் மைதானத்தில் இறங்கினர். கார்லைலுக்கு 49 புள்ளிகள். அதற்காக அவர் ஆடிய மூன்றாவது ஆட்டமும் கடைசி ஆட்டமும் அதுவே. கோல் காவலராய் வந்த கிளாஸ் பிற்காலத்தில் வாடகை மோட்டார் ஓட்டினார்.

அதே நேரத்தில் ஸ்கார்பரோவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஆட்டம் சற்று முன்னரே முடிந்திருந்தது. தப்பினோம் என்று ஜனங்கள் கூத்தாடிக்கொண்டிருந்தனர். அப்பொழுதுதான் ரேடியோ வழியாகச் செய்தி வந்தது. ஒரே உதை, ஓர் ஊருக்கு உயிர், மற்றோர் ஊருக்கு இழவு. வென்றவர் சரித்திரத்தில் இவ்விரண்டாவது ஊருக்கு ஒரு வரிதான் இடம்.

இந்தக் கோலைத் தெய்வச் செயல் என்றும் அற்புதம் என்றும் இன்றளவும் எழுதுகின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. தெய்வம் கார்லைலுக்கு இரங்கிற்று என்றால் ஸ்கார்பரோவின் குழந்தைகள் செய்த பாவம் என்ன? தன் காவலரை விற்ற சங்கம் கடன் வாங்கிய காவலரால் தப்பியது. மத்தியஸ்தர் நேரத்தைச் சரியாக எண்ணினார். தோல்வி நிச்சயமானபின் காவலிடத்தில் நின்று பயனில்லை என்று ஒரு மனிதர் ஓடினார். இவ்வளவுதான். விழும் சங்கத்தைத் தெய்வம் தாங்குமென்று நம்பியிருப்பது, தாங்கவேண்டிய மனிதரைத் தூங்கவைப்பதாகும்.

பிறகு நடந்தவையே இதற்குச் சாட்சி. அற்புதம் கண்ட கார்லைல் ஐந்தே வருஷத்தில், 2004-ல், லீகை விட்டு இறங்கியது. 76 வருஷ வாசம் முடிந்தது. 2005-ல் ஏறி வந்தது. 2025-ல் மறுபடியும் இறங்கியது. ஸ்கார்பரோவின் வீழ்ச்சியோ அதனினும் கொடியது. 1879-ல் பிறந்த அச்சங்கம் சுமார் 25 லட்சம் பவுன் கடனில் மூழ்கி, 2007-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் கலைக்கப்பட்டது. மைதானத்தை விற்றுக் கடனைத் தீர்க்கலாமென்றால், விளையாட்டுக்கன்றி வேறெதற்கும் அந்நிலம் உதவலாகாது என்ற பழைய நிபந்தனை குறுக்கே நின்றது.

சங்கம் செத்தது, ஆனால் அபிமானிகள் சாகவில்லை. அதே மாதத்தில் அவர்கள் கூடி, தங்களுக்கே உடைமையாக ஸ்கார்பரோ அதலெடிக் என்ற புதுச் சங்கத்தை அமைத்தனர். சொந்த ஊரில் மைதானமில்லை. பத்து வருஷம் பக்கத்து ஊராகிய பிரிட்லிங்டனில், இரவல் இடத்தில், தம் ஊர்ச் சட்டையை அணிந்து ஆடினர். 2017-ல்தான் ஊர் திரும்பினர். 2022-ல் நேஷனல் லீகின் வடக்குப் பிரிவை எட்டினர். அந்தப் பத்து வருஷமும் சனிக்கிழமை தோறும் பயணம் செய்தவர்களுக்குக் கோப்பை ஆசை இருந்திருக்க நியாயமில்லை.

ஆகவே நமது கேள்விக்கு விடை இதுவெனக் கருதுகிறோம். கீழிறக்கம் அநியாயமன்று. தகுதி பார்த்து ஏற்றும் ஏணி தகுதி பார்த்து இறக்கவும் வேண்டும். இல்லையேல் அது ஏணியல்ல, சிலருடைய திண்ணை. ஆனால் இறங்குவது வேறு, அழிவது வேறு. ஆட்டக்காரர் விலை பேசப்பட்டுப் போய்விடுவர். முதலாளிமார் வருவர், போவர். விழுந்த பின்னும் ஒரு சங்கம் அடுத்த படியில் காலை வைக்குமா என்பதைத் தீர்மானிப்பவர், பந்தைத் தொடவே உரிமையில்லாத அந்த ஓரத்து ஜனங்களே. அவர்கள் மழையில் காத்து நின்றது வெற்றிக்காக அன்று. அடுத்த சனிக்கிழமையும் தம் ஊர்ப் பெயரில் ஓர் ஆட்டம் நடக்க வேண்டும் என்பதற்காகவே. பொதுஜனத்தின் உடைமை எதுவாயினும், அது வாசகசாலையாயினும் தொழிற்சங்கமாயினும், அதன் ஆயுளை எண்ணுவோர் திறப்பு விழாக் கூட்டத்தை எண்ண வேண்டாம். கடைசி இடத்தில் நின்ற வருஷத்தில் யார் யார் வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.