வில்லும் ஷொக்கும்: ஜீப்பை உயர்த்த முன் கொஞ்சம் வரலாறு



போன கிழமை என்னிடம் படித்த ஒருவன் வட்ஸ்அப்பில் கேட்டான்: "சேர், ஜீப்பை ரெண்டு இஞ்சி உயர்த்தப் போறன். ஸ்பிரிங்கை மட்டும் மாத்தினால் காணுமோ, ஷொக்கும் மாத்தோணுமோ?" அவனுக்குப் பூநகரிப் பக்கம் வயல். அறுவடை நாட்களில் ஜீப்பின் பின்னால் நெல் மூடை ஏறும். மற்ற நாட்களில் அதே இடத்தில் அம்மாவும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

"பொறு தம்பி, விரிவாக எழுதுறன்" என்றேன். இதை நான் சின்ன விஷயமாக எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வன்னிப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனோம். மழை விட்ட நேரம். குழி விழுந்த கிறவல் வளைவொன்றில் நாங்கள் இருந்த ஜீப்பின் பின்பக்கம் துள்ளி, அப்படியே வாய்க்காலுக்குள் சரிந்தது. உம்மாவின் கை முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பிறகு ஒரு மெக்கானிக் அண்ணன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு ஒரு வசனம்தான் சொன்னார்: "ஸ்பிரிங் புதுசு, உயரம். ஷொக் பழசு, கட்டை." அன்றிலிருந்துதான் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இதையெல்லாம் தமிழில் எழுத முடியுமா என்று சிலர் நினைப்பீர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து எங்கள் மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தவர். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு வில்லைப் பற்றித் தமிழில் பேச நாங்கள் ஏன் தயங்க வேண்டும்?

ஊக்கின் விதி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ரொபட் ஊக் அதை 1678இல் வெளியிட்டார். எவ்வளவு பாரம் ஏற்றுகிறோமோ அந்த அளவுக்கு வில் அமுங்கும். ஆனால் வண்டிக்கு நல்ல வில் வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் சென்றது. 1804இல் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர், வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குதிரை வண்டிக்குப் பூட்டி அதற்குக் காப்புரிமை பெற்றார். எங்கள் கராஜ்களில் "பிளேட்" என்று சொல்லும் பட்டை வில்லின் முன்னோர்களில் அதுவும் ஒன்று.

எங்கள் பக்கத்து மாட்டு வண்டில்களில் பாரம் ஏற்றுபவைக்கு வில் கிடையாது. அச்சின் மேல் நேரே சட்டம். நெல் மூடைக்கு முதுகு நோகாதுதானே. வில் பூட்டிய வண்டி கனவான்களின் சவாரிக்கு என்று இருந்தது. அதனால்தான் 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி என்ற மனிதர் ஒரு வில்லு வண்டியை வாங்கி, தன் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுத் தெருவில் ஓட்டிப் போனது வரலாறானது. வண்டிக்குள் இருப்பவரும் மனிதர், அவருடைய உடம்பும் நோகும் என்பதை ஒத்துக்கொள்வதுதான் வில்.

அப்படியானால் ஷொக் எதற்கு? "ஷொக் அப்சோபர்" என்ற பெயரே ஆளை ஏமாற்றுகிறது. குழியின் அடியை வாங்குவது வில்தான். வாங்கிய சக்தியை அது வைத்திருக்காது, திருப்பித் தள்ளும். வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்கி, சக்தியை வெப்பமாக்கி வெளியே விடுவதே ஷொக்கின் வேலை. 1900களின் தொடக்கத்தில் உராய்வுத் தட்டுகளால் இதைச் செய்தார்கள். பின்னர் சிறு துளைகளினூடாக எண்ணெயைத் தள்ளும் முறை வந்தது. கிறவல் வீதியில் நீண்ட தூரம் ஓடிவிட்டு நின்றால் ஷொக் சூடாக இருப்பது இதனால்தான். அளவுக்கு மீறிச் சூடேறினால் எண்ணெய் நுரைத்து, ஷொக் தன் வேலையை விட்டுவிடும்.

பட்டை வில்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டத்தில் ஒரு பங்கை அதுவே அடக்கிவிடும். சுருள் வில்லில் அந்த உரசல் இல்லை. அதனால் அது ஷொக்கையே நம்பி இருக்கிறது. 1941இல் போருக்கென்று பெருமளவில் செய்யத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பிலும், 1948இல் வந்த லான்ட் றோவரிலும் நான்கு பக்கமும் பட்டை வில்தான். 1970இல் ரேஞ்ச் றோவர் நான்கு பக்கமும் சுருள் வில்லோடு வந்து, காட்டுப் பாதைக்கும் சொகுசு வேண்டும் என்றது. 1983க்குப் பிறகு லான்ட் றோவரின் சாதாரண வண்டிகளும் அந்த வழிக்கு மாறின.

இனி எங்கள் குடாநாட்டுக்கு வருவோம். 1990இல் எங்கள் குடும்பமும் வெளியேற வேண்டி வந்ததால் பொருளாதாரத் தடைக் காலத்தை நான் கண்ணால் காணவில்லை. இங்குள்ள மூத்தவர்களிடம் கேட்டுத்தான் அறிந்தேன். ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்று ஐம்பதுகளின் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எஞ்சினைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அந்தக் கார்களுக்குக் கீழேயும் ஒரு கதை இருக்கிறது.

அவற்றின் பின்பக்கம் பட்டை வில். பிளேட் ஒன்று உடைந்தால் வேறொரு வண்டியின் பிளேட்டை வெட்டித் துளைத்துப் போடலாம். வளைவு இறங்கினால் தட்டி வளைவு ஏற்றலாம். ஷொக்கும் நெம்புக்கை வகை. மூடியைக் கழற்றி எண்ணெய் விடலாம். இன்றைய ஷொக் அடைத்து மூடிய உருளை. கசிந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். சாமான் வராத ஒரு காலத்தில் அந்தப் பழைய கார்கள் தாக்குப்பிடித்ததற்கு, கையால் திருத்தக் கூடியதாக அவை இருந்ததும் ஒரு காரணம்.

ஒரு மூத்த மெக்கானிக் ஐயாவிடம், "அப்போது பிளேட் கூட்டிப் போட்டீர்களா?" என்று கேட்டேன். "பாரம் ஏத்திறவனுக்குக் கூட்டுவம். ஆள் ஏத்திறவனுக்குக் கூட்டமாட்டம். முதல் கேள்வி, என்ன ஏத்திறாய்?" என்றார். என் மாணவனுக்கான மறுமொழி அதற்குள்ளேயே இருக்கிறது.

2002இல் ஏ9 திறந்து, 2006இல் மூடி, போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் வந்து பூநகரி பக்கத்து ஊராகியது. புது வாகனங்களோடு உயர்த்தும் சாமான்களும் கடைகளுக்கு வந்தன. அந்தப் பழைய கேள்வியை மட்டும் நாங்கள் மறந்துவிட்டோம். இப்போது முதல் கேள்வி, "எத்தனை இஞ்சி?"

தம்பி, ஒரு கணக்குப் போடுவோம். இலக்கங்கள் விளக்கத்துக்கு மட்டும். ஒரு பின் சில்லின் வில்லில் 400 கிலோ இருக்கிறது, 1 சென்ரிமீற்றர் அமுக்க 40 கிலோ வேண்டும் என்று வை. வில் 10 சென்ரிமீற்றர் அமுங்கி நிற்கும். 50 கிலோ மூடை நான்கு ஏற்றினால், ஒரு சில்லுக்கு 100 கிலோ. இன்னும் 2.5 சென்ரிமீற்றர் இறங்கும். இரண்டு இஞ்சி என்பது 5 சென்ரிமீற்றர். நீ உயர்த்தியதில் பாதி போய்விட்டது.

"அப்ப இறுக்கமான வில் போடுறன்" என்பாய். 1 சென்ரிமீற்றருக்கு 60 கிலோ கேட்கும் வில் என்றால் மூடைக்கு 1.7 சென்ரிமீற்றர்தான் இறங்கும். ஆனால் மூடை இல்லாத நாளில் அதே வில் குழிக்குக் குழி துள்ளும். அம்மா பின்னால் இருப்பது அந்த நாளில்தான்.

அடுத்தது ஷொக். பழைய ஷொக்குக்கு 20 சென்ரிமீற்றர் ஓட்டம், வண்டி நிற்கும்போது அது நடுவில் இருக்கிறது, மேலே 10 கீழே 10 என்று வை. வில்லால் 5 சென்ரிமீற்றர் உயர்த்தினால் மேலே 15, கீழே 5. இப்போது சில்லு 8 சென்ரிமீற்றர் குழியில் இறங்க வேண்டும். ஷொக் 5 சென்ரிமீற்றரிலேயே முழுக்க நீண்டு இழுத்துப் பிடிக்கும். சில்லு நிலத்தை விட்டுவிடும். நிலத்தைத் தொடாத சில்லுக்குப் பிறேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. அன்று வளைவில் எங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் என் மறுமொழி இது:

1. ஒரு மாதம் குறித்து வை. ஜீப்பில் எத்தனை நாள் மூடை, எத்தனை நாள் ஆட்கள்? கூடுதலான நாட்களின் பாரத்துக்கு வில்லைத் தெரிவு செய். முன்னால் இரும்பு பம்பர், வின்ச் என்று நிரந்தரமாகப் பூட்டியிருந்தால் அதையும் பாரமாகக் கணக்கில் எடு.

2. அறுவடை நாட்களுக்காக முழு வில்லையும் இறுக்காதே. பின்பக்கம் பட்டை வில் என்றால், பாரம் ஏறிய பிறகு மட்டும் வேலை செய்யும் துணை பிளேட் பூட்டலாம். லொறிகளில் பார்த்திருப்பாய்.

3. வில் மாறினால் ஷொக்கும் மாற வேண்டும். புது உயரத்துக்கு ஏற்ற நீளம், புது வில்லின் இறுக்கத்துக்கு ஏற்ற அடக்கம், இரண்டும் பொருந்த வேண்டும். நீளமான ஷொக் முழுக்க அமுங்கும்போதும் நீளமாகவே இருக்கும். முட்டு ரப்பர் தடுக்க முன் அது தானே அடிபட்டால் உடையும். பூட்ட முன் இரண்டு நீளத்தையும் அளந்து பார்.

4. வில்லின் மேல் துண்டு வைத்து உயர்த்துவது மலிவுதான். உயரம் கிடைக்கும். ஷொக்கின் கணக்கு மாறாது.

5. பிறேக் ஹோஸ் நீளம் காணுமா, ஸ்ரியறிங் அலைகிறதா, புறொப்பெலர் சாஃப்டின் சரிவு கூடிவிட்டதா என்று பார்க்கச் சொல். உயர்ந்த வண்டி வளைவில் சுலபமாகச் சாயும் என்பதை ஒரு நாளும் மறவாதே. இரண்டு இஞ்சியோடு நிறுத்து. மாற்ற முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள். காப்புறுதிக்காரரிடமும் சொல்லு.

காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால், உயர்த்துவதை விடு. இருக்கிற உயரத்துக்கே நல்ல ஷொக் நான்கு வாங்கிப் போடு. வயல் வரம்பில் ஓரிடத்தில் அடி தட்டலாம், பரவாயில்லை. அம்மா முதுகு நோகாமல் வீடு வந்து சேருவா.

மண்ணெண்ணெய்க் காலத்தில் இந்த வண்டிகளைக் காப்பாற்றி ஓடவைத்த மெக்கானிக் ஐயாமாரும் கொல்லர்களும் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்லும் ஒரு கதையைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க எனக்கு உதவும்.