சுடும் பொழுதும் எழுப்பும் பொழுதும்

தொல்காப்பியம் மருதத்துக்கு வைகறை விடியலையும் பாலைக்கு நண்பகலையும் உரிய பொழுதாக வகுத்தது. கதிரவன் ஒன்றே, ஆயினும் அவ்விரு பொழுதுகளின் இயல்பு வேறு. நம் உடலும் இந்த வேறுபாட்டை அறியும் என்பதை அறிவியல் கண்டுகொண்ட வரலாறு, படிக்கச் சுவையானது. நாள்தோறும் பயன்படுவதும் ஆகும்.

வெயிலில் தோல் கன்றுவது வெப்பத்தால்தான் என்று பலரும் நெடுங்காலம் நம்பினர். 1801-இல் செருமானிய அறிஞர் யோகான் ரிட்டர், நிறமாலையின் ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்குப் புலனாகாத இடத்தில் வெள்ளிக் குளோரைடு விரைந்து கறுப்பதைக் கண்டார். இலண்டன் மருத்துவர் எவரார்டு ஓம், 1821-இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் எளிய சோதனையைக் கூறுகிறார். ஒரு கையைத் திறந்தும் மறு கையைக் கறுப்புத் துணியால் மூடியும் வெயிலில் வைத்தார். துணி மூடிய கையில்தான் வெப்பம் மிகுதி. கொப்புளித்ததோ திறந்திருந்த கை. தோலைப் புண்ணாக்குவது வெம்மையன்று, ஒளி என்பது இதனால் விளங்கிற்று.

இதை மறந்துவிடுவதால்தான் குளிர்ந்த உதகையிலும் நம்மவர் முகம் கன்றித் திரும்புகின்றனர். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் வலுக்கிறது. கருநிறத் தோலுக்கு ஓரளவு இயற்கைக் காப்பு உண்டு. முழுக் காப்பு இல்லை. நம் நிழல் நம்மைவிடக் குறுகியிருக்கும் வேளையில் மரநிழலையோ குடையையோ நாடுவதும், முழுக்கை ஆடை அணிவதும் நன்று. வெளியிலேயே இருக்க நேர்ந்தால் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசிக்கொள்ளலாம்.

உறக்கத்தின் கதை ஒரு செடியிலிருந்து தொடங்குகிறது. 1729-இல் பிரெஞ்சு அறிஞர் தெ மெரான், தொட்டாற்சிணுங்கி போன்ற செடியொன்றை இருட்டில் வைத்தார். வெளிச்சம் படாமலே அது பகலில் இலை விரித்து இரவில் குவித்தது. 1938-இல் கிளைட்மன் என்ற ஆய்வாளர், இளைஞரான தம் மாணவருடன் அமெரிக்காவின் மாமத் குகையில் 32 நாள் தங்கி, 28 மணி நேர நாளுக்கு உடலைப் பழக்க முயன்றார். மாணவர் பழகிக்கொண்டார், ஆசிரியரின் உடலோ 24 மணி நேரத்தை விடவில்லை. இந்த உள்கடிகாரத்தின் மூலக்கூற்று இயக்கத்தை விளக்கியதற்கே 2017-இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்கடிகாரத்தைத் திருத்தும் முதன்மைக் கருவி ஒளியே. வலுவான ஒளி, இரவில் சுரக்கும் மெலடோனினைத் தடுக்கிறது என்று 1980-இல் மனிதரிடம் காட்டப்பட்டது. எனவே இரவு நெடுநேரம் கைப்பேசியின் முன் இருப்பவர் உறக்கத்தைத் தாமே தள்ளிப்போடுகிறார். தேர்வுக் காலத்தில் விடிய விடிய விழித்து, முதல் பாடவேளையில் கண் சொக்கி அமரும் மாணவரை நாம் சோம்பேறி என்று வைவதில் பொருளில்லை. அவர் உடலுக்கு அது இன்னும் நள்ளிரவு. ஒரே நாளில் அதைத் திருப்பிவிடவும் இயலாது. எழும் நேரத்தை நாளுக்குக் கால்மணி, அரைமணி எனச் சிறிது சிறிதாக முன்னே கொணர வேண்டும்; விடுமுறையிலும் அதை மாற்றலாகாது. எழுந்ததும் முற்றத்திலோ மொட்டைமாடியிலோ காலை வெளிச்சத்தில் சிறிது உலாவ வேண்டும். மாலைக்குப்பின் விளக்கொளியைத் தணிக்க வேண்டும்.

நண்பகல் வெயிலுக்கு அஞ்சிக் கதவடைப்போர், காலை வெயிலுக்கும் சேர்த்து அடைத்துவிடுகின்றனர். காலையில் அக்கதவைத் திறந்துவைத்தாலே போதும், பாதி மருந்து கிடைத்துவிடும்.