பிடித்தம் முதலில், கணினி பிறகு

இணையத்தில் வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய மக்களை எது இழுக்கிறது என்ற கேள்விக்கு, ஆய்வாளர்கள் பலரும் 1989இல் பிரெட் டேவிஸ் முன்வைத்த மாதிரியைத்தான் எடுத்துவைக்கிறார்கள். கருவியால் பயன் உண்டு, அதைக் கையாள்வதும் எளிது என்ற எண்ணம் வந்துவிட்டால் மக்கள் அதை ஏற்பார்கள் என்பது அதன் சாரம். செகந்திராபாத்தின் மெட்டுகுடாவைப் போன்ற ஒரு ரயில்வே பகுதியை மனதில் வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் பாதி தூரம்தான் வருகிறது. வாடியிலிருந்து 1874இல் வந்த தண்டவாளம், பக்கத்து லாலாகுடாவில் 1893இல் எழுந்த பணிமனை, 1966இல் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்த தென் மத்திய ரயில்வே ஆகியவை இந்தச் சுற்றுவட்டாரத்தில் மாதச் சம்பளக்காரர்களைப் பெருக்கின. கன்டோன்மென்ட்டோடும் ரயிலோடும் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு. 1950 ஏப்ரலில் ஹைதராபாத் இந்திய வருமான வரிச் சட்டத்தின் கீழ் வந்ததிலிருந்து, வரம்பைத் தாண்டிய சம்பளத்தில் வரியைக் கணக்கிட்டுப் பிடிப்பது முதலாளியின் வேலை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 192ஆம் பிரிவும் அதையே தொடர்ந்தது. ஆக, சம்பளக்காரருக்குக் கணக்குத் தாக்கல் என்பது பெரும்பாலும் வேறொருவர் போட்டு முடித்த கணக்கை ஒப்புக்கொள்வதுதான். முதலாளி தந்த வரிப்பிடித்தச் சான்றான படிவம் 16 கையில் இருப்பவருக்கும், பில் புத்தகத்தோடு ஆடிட்டரைத் தேடிப்போகும் கடைக்காரருக்கும் இணையம் ஒரே பொருள் தருவதில்லை. முதலாமவர் இணையத்துக்கு மாறுவது எளிது. காரணம் கணினியைவிடப் பழையது.

இன்னொரு காரணமும் இந்த நகரத்திலேயே கிடைக்கிறது. 1999 டிசம்பரில் ஹைதராபாத்–செகந்திராபாத் இரட்டை நகரங்களில் ‘ட்வின்ஸ்’ என்ற சோதனைத் திட்டம் தொடங்கியது. அது 2001இல் இ-சேவாவாக விரிந்தது. மின் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், சொத்து வரி எல்லாவற்றையும் எந்தக் கவுன்ட்டரிலும் கட்ட முடிந்தது. வீடு எந்த வட்டாரம் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே மக்கள் கணினியைத் தொடவே இல்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர் தட்டினார், ரசீது வந்தது. டிஜிட்டல் ஆட்சி என்று மேடைகளில் கொண்டாடப்பட்டது உண்மையில் ஒரு நல்ல கவுன்ட்டர்தான் என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அரசுக்குக் கட்டிய பணம் திரையில் உடனே பதிவாகும் என்ற நம்பிக்கையை ஊட்டியது அதுதான். வலைத்தளத்துக்கு முன்னே மனிதர் ஒருவர் தேவைப்பட்டார்.

இதெல்லாம் எதற்கு, அரசு கட்டாயப்படுத்தியது, மக்கள் பணிந்தார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். கட்டாயம் இருந்தது உண்மைதான். நிறுவனங்களுக்கு அது 2006இல் வந்தது. 10 லட்சத்துக்கு மேல் வருமானமுள்ள தனிநபர்களுக்கு 2012இலும், 5 லட்சத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு 2013இலும் வந்தது. ஆனால் தனிநபர்களுக்கான அந்த வரம்புகள் வருமுன்பே, 2011-12 நிதியாண்டில் சுமார் 1.6 கோடி ரிட்டர்ன்கள் இணையவழி வந்துவிட்டன. நிறுவனங்களை மட்டும் வைத்து அந்த எண்ணிக்கையை விளக்க முடியாது. 2009இல் வருமான வரித் துறை பெங்களூரில் திறந்த மையச் செயலாக்க நிலையத்தைத்தான் நான் காரணமாகக் காண்கிறேன். கூடுதலாகப் பிடிக்கப்பட்ட வரி திரும்பி வருமா, எப்போது வரும் என்பதே சம்பளக்காரரின் கவலை. உள்ளூர் அலுவலகத்தில் கோப்பு நகர்வதற்காகக் காத்திருந்த ரீஃபண்ட், யார் முகத்தையும் பார்க்காமல் வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியது. அப்போதும் கையெழுத்திட்ட ஒப்புகைத் தாளைப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. தபாலுக்குப் பதிலாக ஆதார் வழி ஓடிபி 2015இல்தான் வந்தது. அந்தத் தபால் தொல்லையைச் சகித்துக்கொண்டவர்களை ‘எளிது’ என்ற காரணம் இழுத்தது என்று நம்புவது கடினம்.

2021 ஜூனில் திறந்த புதிய வரித் தாக்கல் வலைத்தளம் இன்னும் தெளிவான சான்று. அது மாதக்கணக்கில் தடுமாறியது. நிதியமைச்சகம் அதை உருவாக்கிய இன்ஃபோசிஸின் தலைமைச் செயல் அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்டது. கடைசித் தேதி டிசம்பர் 31க்குத் தள்ளிப்போனது. அப்படியும் அன்றுவரை சுமார் 5.89 கோடி ரிட்டர்ன்கள் தாக்கலாயின. இதில் தாமதக் கட்டணத்தின் பயமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பயம் தேதிக்குள் தாக்கல் செய்ய வைக்கும், நம்பிக்கையை வளர்க்காது. சரிபார்த்த ரிட்டர்னைச் செயலாக்க 2019-20 மதிப்பீட்டு ஆண்டில் சராசரியாக 82 நாள் ஆனது, 2023-24இல் அது 10 நாளாகச் சுருங்கியது. 2024 ஜூலை 31க்குள் 7.28 கோடிப் பேர் தாக்கல் செய்ததை விளக்க, அபராதத்தோடு இந்த வேகத்தையும் சேர்க்காமல் முடியாது.

வேறொருவரே கணக்குப் போட்டு முடிக்கும் இந்தப் போக்கு எங்கே போகிறது என்பதை 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 194பி (194P) பிரிவு காட்டுகிறது. வயது 75ஐத் தொட்டவர், ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் பெறுபவரானால், ரிட்டர்னே தாக்கல் செய்ய வேண்டாம். வங்கியே கணக்குப் போட்டுப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வேறொரு வங்கியில் வைப்புத்தொகை வைத்திருப்பவரோ, மாடியை வாடகைக்கு விட்டிருப்பவரோ இந்தச் சலுகைக்குள் வர மாட்டார். வரம்பைத் தாண்டும் வருமானம் இருந்தால், காகிதத்தில் தாக்கல் செய்ய வழியுள்ள எண்பது வயதை எட்டாத ரயில்வே ஓய்வூதியர்கூட ஜூலை மாதம் வலைத்தளத்தைத் திறந்தாக வேண்டும், அல்லது திறந்து தர ஒருவரைத் தேட வேண்டும்.