சீனத் தொனிப் பாகுபாட்டின் வரலாற்று அடிப்படை

பெங்களூர்–ஓசூர் நெடுஞ்சாலையில் மாநில எல்லையை ஒட்டியுள்ள அத்திபெலேயில் கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மும்மொழிகளும் வழங்குகின்றன. இவற்றுள் எதுவும் குரலின் ஏற்ற இறக்கத்தால் சொற்பொருளைப் பிரிக்கும் தொனிமொழியன்று. நன்னூல் சுட்டும் எடுத்தல், படுத்தல், நலிதல் ஆகியனவும் ஒலிக்கும் முறைகளேயன்றித் தனிச்சொற்களை நிலையாக வேறுபடுத்தும் தொனிகளாகா. எனினும் தொனி பிறக்கும் முறையை விளக்கக் கன்னடச் சொல்லிணையொன்று துணைசெய்யும். ‘காளி’ என்பதன் முதலொலி ஒலிப்பற்றதாயின் தெய்வத்தையும், ஒலிப்புடையதாயின் காற்றையும் குறிக்கும். இவ்வேறுபாடு பேச்சினின்று மறையுமாயின் பொருள் எங்ஙனம் பிரித்தறியப்படும்? சீனமொழி வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது.

ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் சௌ யோங், ஷென் யுவே (441–513) ஆகியோர் சீனத் தொனிகளைப் பிங் (சமன்), ஷாங் (ஏற்றம்), ச்சூ (செலவு), ரூ (புகவு) என நான்காக வகுத்தனர். வேத ஓதலின் மூவகைச் சுரங்களே இதற்குத் தூண்டுதல் எனச் சென் யின்கே 1934இல் கருதினார். அக்கருத்தை மறுப்போரும் உளர். 601இல் லூ ஃபாயன் தொகுத்த ‘ச்சியேயுன்’ என்னும் அகராதி இந்நான்கனையே அடிப்படையாகக் கொண்டது.

பின்னாளில் ஒலிப்புடை முதலொலிகள் பல கிளைமொழிகளில் ஒலிப்பிழந்தன. இழந்த வேறுபாடு தொனியில் தங்கியது. பழைய ஒலிப்பற்ற ஒலியுடைய சொற்கள் உயர்ந்தும், ஒலிப்புடையன தாழ்ந்தும் ஒலிக்கலாயின. கான்டனீஸ் மொழியில் ‘பேரரசன்’ என்னும் சொல்லும் வரிசையெண்ணுக்கு முன்வரும் ஒட்டும் இன்று ஒரே ஒலிகளால் ஆயவை. தொனியின் உயர்வுதாழ்வே அவற்றைப் பிரிக்கிறது. இவ்வாறு நான்கு எட்டாயின. உயர்ந்த புகவுத்தொனி உயிரின் குறுமை நெடுமையால் மீண்டும் இரண்டாகப் பிரிய, ஒன்பதாயின.

புகவுத்தொனியோ ப், த், க் என்னும் ஒலிகளில் முடியும் அசைகளுக்கே உரியது. அதன் மூவகைச் சுருதியும் பிற தொனிகளிலேயே அடங்கும். ஆதலின் இக்கால மொழியியலார் ஆறு தொனிகளே கொள்வர்.

இந்தியாவில் பஞ்சாபி மொழியும் இத்தகையதே. ‘குதிரை’ என்னும் சொல்லைக் குர்முகி எழுத்து இன்றும் ஒலிப்புடைய மூச்சொலியால் எழுதுகிறது. பேச்சில் அது ஒலிப்பற்ற ககரமாகித் தாழ்தொனி பெற்றுள்ளது. அங்கே எழுத்து காத்ததை, சீனத்தில் தொனிப்பெயர் காத்தது.

எனவே ஒன்பது, ஆறு என்னும் எண்ணிக்கைகள் தம்முள் முரண்பட்டன அல்ல. ஆறு என்பது இன்றைய ஒலியைக் கணக்கிடுகிறது. ஒன்பது என்பது மறைந்த மெய்களின் வரலாற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. மரபிலக்கணத்தைப் பிழையென ஒதுக்குவோர் இழப்பது அவ்வரலாற்றையே.